கழுத்துக் கட்டியும் எங்க வீட்டு எச்சில் பஞ்சாயத்தும்

பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல நடந்த சண்டை கேன்சரைப் பத்தி இல்ல, எச்சிலைப் பத்தி. பையனுக்கு அப்ப 9 வயசு. கழுத்துல இருந்து எடுத்த கட்டி ஹாட்ஜ்கின் லிம்போமான்னு எழுதியிருந்துச்சு, அதாவது நெறி கட்டுற சுரப்பியில வர்ற ஒரு கேன்சர், அதுக்கும் கீழ கடைசி வரியில 'எபர் பாசிட்டிவ்'னு ஒண்ணு. அது என்னடான்னு போன்ல தேடுனா எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமா ஈபிவி, எச்சில் வழியா பரவும்னு வந்துச்சு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிச்சு. எங்கம்மா அவனுக்கு முறுக்கை மென்னு ஊட்டுனது, காப்பியை ஒரு வாய் குடிச்சு சூடு பாத்துட்டு அதே டம்ளரைக் குடுத்தது, கடலை மிட்டாயைப் பல்லால உடைச்சு பாதி குடுத்தது எல்லாம் வரிசையா வெளிய வந்துச்சு. என் பொண்டாட்டி எங்கம்மா மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் சொல்லல, அடுப்படியில திரும்பி நின்னுக்கிட்டு "நான் அப்பவே சொன்னேன்"னு மட்டும் சொன்னா. மறுநாள்ல இருந்து எங்கம்மா தனி டம்ளர், தனித் தட்டு, பேரன் பக்கத்துல உக்காரக்கூட மாட்டேன்னுட்டாங்க.

நான் டாக்டர் இல்ல. சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறேன், காலண்டர் வேலைதான் அதிகம். அந்த ரெண்டு வருஷத்துல தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன், ஏன்னா கழுத்துல கட்டின்னு யாராவது எங்கிட்ட வந்து கேக்குறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து சொல்லி மாளல.

மொதல்ல கட்டி கதை. இடது பக்கம் காதுக்குக் கீழ, கொஞ்சம் பின்னாடி, புளியங்கொட்டை அளவு. வலி இல்ல. பிள்ளைங்களுக்கு சளி பிடிச்சாலே கழுத்துல நெறி கட்டும், அதனால யாரும் பெருசா எடுத்துக்கல. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, குறையல. ஒரு மாசத்துல நெல்லிக்காய் அளவு ஆச்சு. தொட்டா கல்லு மாதிரியும் இல்ல, புண்ணு மாதிரி கொழகொழன்னும் இல்ல, பிரஸ்ல ரோலர் ரப்பரை அமுக்குனா ஒரு மாதிரி திரும்பி வருமே, அப்படி. வலிக்காததுதான் எங்களை ஏமாத்துனது. வலிக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சோம், இப்ப நான் எல்லார்கிட்டயும் இதைத் தலைகீழா சொல்றேன். வலிக்கிற கட்டி பெரும்பாலும் ஏதோ கிருமியோட சண்டை. வலியே இல்லாம நாலு வாரம், ஆறு வாரம் தாண்டியும் நிக்கிற கட்டி, வளந்துக்கிட்டே இருக்கிற கட்டி, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போன கட்டியைத்தான் சும்மா விடக்கூடாது. காறை எலும்புக்கு மேல குழியில வந்துச்சுன்னா அளவெல்லாம் பாக்க வேண்டாம், உடனே காட்டணும்.

பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட் பண்ணாங்க, எஃப்என்ஏசின்னு சொல்றாங்களே அது. 'கிரானுலோமா இருக்கு, டிபியா இருக்கலாம்'னு ரிப்போர்ட். கிரானுலோமான்னா எதிர்ப்புச் செல்லுங்க கூடி நிக்கிற சின்ன முடிச்சு. டிபி கிருமியை நேரடியாத் தேடுற ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட்ல ஒண்ணும் வரல, ஆனாலும் நம்ம ஊர்ல கழுத்துக் கட்டின்னா டிபிதான் அதிகம், ஆரம்பிச்சிரலாம்னாங்க. இதுல நான் அவங்களைத் திட்ட மாட்டேன். உண்மையிலேயே நம்ம ஊர்ல டிபிதான் அதிகம். ஆறு மாசக் கோர்ஸ். முதல் வாரமே பையன் "அப்பா, ஒண்ணுக்கு ஃபாண்டா கலர்ல போகுது"ன்னு ஓடி வந்தான். அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட வேலை, பயப்பட ஒண்ணும் இல்ல. கலரைப் பாத்து மருந்து வேலை செய்யுதுன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

எனக்குக் கோபம் வர்றது ரெண்டாவது மாசத்துலதான். கட்டி ஒரு பதினஞ்சு நாள் லேசா சின்னதாச்சு, எல்லாருக்கும் சந்தோசம், அப்புறம் மறுபடி பெருசாச்சு, வலது பக்கமும் ஒண்ணு வந்துச்சு. ராத்திரி தலையணை நனையுற அளவுக்கு வேர்வை, ஃபேனுக்கு நேரா படுத்தும். சாயங்காலம் ஆனா காய்ச்சல். யூனிஃபார்ம் டிரவுசர் இடுப்புல நிக்கல, ஊக்கு குத்தி விட்டா என் பொண்டாட்டி. "மாத்திரையைத் தொடர்ந்து குடுங்க, டிபி கட்டி சில சமயம் பெருசாகித்தான் குறையும்"னு சொன்னாங்க. அதுவும் பொய் இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், டிபியில அப்படி ஆகுறது உண்டு. ஆனா கிருமியே கண்ணுல படாம ஆரம்பிச்ச வைத்தியம் கேக்கலன்னா, டிபிதானான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கணும். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும். கேக்கலை. ரெண்டரை மாசம் போச்சு.

கடைசியில எங்க முதலாளியோட சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் மதுரைக்குப் போனோம். அங்க ஒரு சர்ஜன் கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டு, "ஊசி வேண்டாம், ஒரு கட்டியை முழுசா எடுத்து அனுப்புவோம்"னார். அதான் எங்க கதையில திருப்பம். ஊசியில ஏன் தெரியலன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. மத்த கேன்சர் கட்டி பலதுல கேன்சர் செல்லு நெறையவே இருக்கும். ஹாட்ஜ்கின்ல அப்படி இல்லையாம், நூறு செல்லு இருந்தா ஒண்ணோ ரெண்டோதான் கெட்டது, மீதியெல்லாம் அதைச் சுத்தி வேடிக்கை பாக்க வந்த நல்ல செல்லு, கூட்டம். திருவிழாக் கூட்டத்துல ஊசியை விட்டு நாலு பேரைப் பிடிச்சா திருடன் மாட்டுவானா? அதுக்கு மேல அந்தக் கூட்டத்துல சில சமயம் டிபியில வர்ற மாதிரியே கிரானுலோமாவும் இருக்கும், ஊசியில அது மட்டும் வந்துச்சுன்னா டிபின்னுதான் எழுதுவாங்க. அதனால லிம்போமா சந்தேகம்னா கட்டியை முழுசா எடுத்துப் பாக்கணும். இந்த ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மீதியை மறந்தாலும் பரவாயில்ல.

ரிப்போர்ட்ல சிடி30, சிடி15 பாசிட்டிவ்னு இருந்துச்சு, அது ரெண்டும் கெட்ட செல்லைக் காட்டிக் குடுக்குற அடையாளம். ஹாட்ஜ்கின்ல மிக்ஸ்டு செல்லுலாரிட்டிங்கிற வகைன்னும் இருந்துச்சு. அந்தக் கெட்ட செல்லுக்கு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லுன்னு பேரு, மைக்ராஸ்கோப்ல பாத்தா ஆந்தை முழிச்சுப் பாக்குற மாதிரி ரெண்டு கண்ணோட இருக்குமாம். எபர்ங்கறது அந்தச் செல்லுக்குள்ளயே வைரஸ் உக்காந்திருக்கான்னு சாயம் போட்டுப் பாக்குற டெஸ்ட். எங்களுக்கு அந்த ஆந்தைக் கண்ணுக்குள்ளயே இருந்துச்சு. நம்ம நாட்ல சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ஹாட்ஜ்கின்ல பெரும்பாலானது இப்படித்தான்னு சொன்னாங்க, வெள்ளைக்கார நாடுகள்ல இது பாதிக்கும் கம்மி.

இதுக்கு அப்புறம்தான் எச்சில் சண்டை. மேல சொல்லிட்டேன்.

வைத்தியத்துக்கு சென்னை போனோம். முதல் நாளே டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், வேணும்னேதான் பொண்டாட்டியையும் அம்மாவையும் ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டு கேட்டேன். "மேடம், எங்கம்மா எச்சில்ல இருந்துதான் இவனுக்கு வந்துச்சா?" அவங்க ஃபைலை மூடி வச்சுட்டு எங்க மூணு பேரையும் பாத்தாங்க. "உங்க மூணு பேரு ரத்தத்தையும் இப்ப எடுத்தா மூணு பேருக்கும் அநேகமா இது இருக்கும். எனக்கும் இருக்கும். வெளிய வரிசையில நிக்கிறவங்கள்ல 10 பேர்ல 9 பேருக்கு இருக்கும். நம்ம ஊர்ல பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே வந்துரும், சாதாரண சளி மாதிரி வந்துட்டுப் போயிரும், யாருக்கும் தெரியாது. பாட்டி குடுக்கலன்னா அங்கன்வாடியில கிடைச்சிருக்கும்." எங்கம்மா அப்பவும் தலையை நிமிரல.

அப்புறம் நான் கேட்டேன், எல்லாருக்கும் இருந்தா என் பையனுக்கு மட்டும் ஏன்? அவங்க சொன்னதை நான் என் பாஷைக்கு மாத்தி வச்சிருக்கேன். பிரஸ்ல நாலு கலர் ஓடும்போது ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல இன்னொண்ணு சரியா உக்காருறது, நகந்துச்சுன்னா படத்துல சாமி மூக்கு ரெண்டாத் தெரியும். செக்கிங்ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க அந்த ஷீட்டை உருவி வேஸ்ட்ல போட்டுருவாங்க. நம்ம நெறி கட்டுற சுரப்பிக்குள்ளயும் இதே வேலைதான் நடக்குது. பி செல்லுன்னு ஒரு வகை வெள்ளையணு, கிருமிக்கு ஏத்த ஆயுதம் செய்ய தன்னோட ஜீனையே வெட்டி ஒட்டி மாத்திக்கிட்டே இருக்கும். அதுல நெறைய தப்பா அச்சாகும். தப்பானதெல்லாம் செக்கிங்ல தானாவே செத்துரணும், அதான் உடம்போட சட்டம். ஈபிவி வந்து குடியிருக்கிறது இதே பி செல்லுக்குள்ள. பொதுவா அது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும், வாழ்நாள் பூரா. ஆனா அதுகிட்ட எல்எம்பி1, எல்எம்பி2ஏன்னு ரெண்டு புரோட்டீன் இருக்கு. உடம்பு நல்ல செல்லுக்கு மட்டும் குடுக்குற 'நீ பாஸ், உயிரோட இரு'ங்கிற சிக்னலை இந்த ரெண்டும் போலியா குடுக்கும். அதாவது வேஸ்ட் ஷீட்டுல எவனோ திருட்டுத்தனமா ஓகே சீல் அடிச்சு விடுறான். சாக வேண்டிய செல்லு சாகாம நிக்குது, நின்னு பெருகும்போது இன்னும் நாலு தப்பு சேருது. அதுவும் எல்லாருக்கும் கேன்சர் ஆகுறதில்ல, ஏன்னா டி செல்லுன்னு இன்னொரு படை இந்தத் திருட்டு சீலைக் கண்டுபிடிச்சு கொன்னுக்கிட்டே இருக்கும். லட்சத்துல யாருக்கோ ஜீன்ல தப்பு, காவல்ல ஓட்டை, வைரஸ் மூணும் ஒரே செல்லுல ஒண்ணு சேருது. வைரஸ் மட்டும் தனியா இதைச் செய்ய முடியாது.

அந்தக் காவல் முக்கியம்னு எப்படித் தெரியும்னா, கிட்னி மாத்துனவங்களுக்கு உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்காம இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைச்சு வைப்பாங்க, அவங்கள்ல சில பேருக்கு இதே ஈபிவியால லிம்போமா மாதிரி வருது, பல சமயம் முதல் வைத்தியமே அந்த மருந்தோட அளவைக் குறைக்கிறதுதான். காவலாளியை எழுப்பி விட்டாலே சில பேருக்கு சுருங்கிருதாம். எச்ஐவி உள்ளவங்களுக்கும் இந்த ரிஸ்க் அதிகம்.

நைட் ஷிஃப்ட்ல மெஷின் ஓடுற நேரத்துல இதைப் பத்தி நெறையப் படிச்சேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. உகாண்டாவுல டெனிஸ் பர்கிட்னு ஒரு சர்ஜன், சின்னப் பிள்ளைங்களுக்கு தாடை வீங்கி வர்ற கட்டியை 1950கள் கடைசியில கவனிச்சு எழுதுறாரு, பழைய கார்ல கிழக்கு, தெக்கு ஆப்பிரிக்காவுல ஆயிரக்கணக்கான மைல் சுத்தி எங்கெங்க இது வருதுன்னு பாக்குறாரு. மலேரியா எங்க கடுமையா இருக்கோ அங்கதான் இதுவும் வருது. 1961ல லண்டன்ல அவர் பேச்சைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன் அந்தக் கட்டித் துண்டை எல்லாம் பிளேன்ல வரவழைச்சு வைரஸைத் தேடுறாரு, ரெண்டு வருஷத்துக்கு மேல ஒண்ணும் கிடைக்கல. ஒரு நாள் பனிமூட்டத்துல பிளேன் மான்செஸ்டர் போயிருது, லேட்டா வந்து சேந்த பாட்டில்ல தண்ணி கலங்கிப் போயிருக்கு. கெட்டுப் போச்சுன்னு கீழ ஊத்தாம மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா, கிருமி இல்ல, கட்டியோட செல்லுங்களே கழண்டு மிதந்துக்கிட்டு உயிரோட இருக்கு. அதை வளத்துத்தான் 1964ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வைரஸைப் பாத்தாங்க, எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் மூணு பேரும். மனுசக் கேன்சர்ல கண்டுபிடிச்ச முதல் வைரஸ். வேஸ்ட்னு தூக்கிப் போடாம ஒரு தடவை பாக்குறது எவ்வளவு பெரிய விசயம்னு பிரஸ்காரனுக்குத் தெரியும். எங்க மதுரை சர்ஜன் செஞ்சதும் அதுதான். அங்க மலேரியா பி செல்லைக் கிளறி விட்டு வைரஸுக்கு வழி பண்ணிக் குடுக்குது, இப்படி வைரஸோட கூட எது சேருதுங்கறது ஊருக்கு ஊரு மாறுது, அதே வைரஸ் அங்க தாடையில பர்கிட் லிம்போமா, சீனாவோட தெக்குப் பக்கம் மூக்குக்குப் பின்னாடி கேன்சர், என் பையனுக்குக் கழுத்துல ஹாட்ஜ்கின்.

இதுல நான் வீணடிச்ச காசையும் சொல்லிடுறேன். வீட்டுக்கு வந்ததும் பயத்துல சின்னவளுக்கும் எங்களுக்கும் ஈபிவி ரத்த டெஸ்ட் எடுத்தேன். எல்லாருக்கும் பாசிட்டிவ். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. முன்னாடி எப்பவோ வைரஸ் உடம்புக்குள்ள வந்திருக்குன்னு மட்டும்தான் அதுல தெரியும், கேன்சர் வருமா வராதான்னு ஒண்ணும் தெரியாது. மெடிக்கல் ஷாப்புல தெரிஞ்சவர் அக்கி மருந்து அசைக்ளோவிர் குடுத்தா வைரஸ் போயிரும்னார். போகாது. அது பெருகிக்கிட்டு இருக்கிற வைரஸை மட்டும் தடுக்கும், செல்லுக்குள்ள தூங்குறதை ஒண்ணும் செய்யாது. தடுப்பூசியும் இன்னும் வரல, ஆராய்ச்சியில இருக்கு. எபர் பாசிட்டிவா இருந்தாலும் நெகட்டிவா இருந்தாலும் ஹாட்ஜ்கினுக்கு கீமோ ஒண்ணுதான்.

கீமோ 15 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 12. நாலு மருந்து. அதுல அட்ரியாமைசின் சிவப்பா இருக்கும், மெஜந்தாவுல கொஞ்சம் மஞ்சள் கலந்த சிவப்பு. அன்னைக்கு ஒண்ணுக்கும் சிவப்பாப் போகும், இந்தத் தடவை பையன் பயப்படல, "டிபி மாத்திரைக்கு ஃபாண்டா, இதுக்கு ரோஸ் மில்க்"னு நர்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தான். அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா தோலும் சதையும் வெந்து போயிரும், அதனால ஊசி ஏறும்போது எரியுதுன்னு பிள்ளை சொன்னா ஒரு நிமிசம் கூடப் பொறுக்காம நர்ஸைக் கூப்புடணும். டாகார்பசின் பாட்டிலுக்கு வெளிச்சம் படாம கருப்புக் கவர் போடுவாங்க, கவர் போடலன்னா கேளுங்க, தப்பே இல்ல.

எல்லாத்துலயும் பெரிய விசயம் காய்ச்சல். கீமோ முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளையணு கீழ போயிரும், அப்ப 100.4 டிகிரி தொட்டுச்சுன்னா பாராசிட்டமால் குடுத்துப் பாப்போம்னு இருக்கக் கூடாது, ராத்திரி 2 மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரி போகணும். நாங்க சிவகாசியில, ஆஸ்பத்திரி சென்னையில, அதனால முதல் ஊசிக்கு முன்னாடியே டாக்டரம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கி, அதை மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில காட்டி, காய்ச்சல்னா இங்க கொண்டு வருவேன்னு சொல்லி வச்சுக்கிட்டேன். நாலாவது ஊசிக்கு அப்புறம் அது தேவைப்பட்டுச்சு. வாடகைக் காரு டிரைவர் நம்பர் சுவத்துல ஒட்டியிருந்துச்சு, தெர்மாமீட்டர் சாமி படத்துக்குக் கீழ, எடுத்தோம் பாத்தோம் கிளம்பிட்டோம், ஒன்றரை மணி நேரத்துல ஆன்டிபயாட்டிக் ஏறுச்சு.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல தான் போக்குவரத்து. கேன்சர் நோயாளிக்கு ரயில்ல சலுகை இருக்கு, ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, ஆஸ்பத்திரியில ஃபாரம் வாங்கி கையெழுத்து சீலோட கவுண்டர்ல குடுக்கணும். ரெண்டு தடவை முழுக் காசு குடுத்துப் போனப்புறம்தான் பக்கத்துப் பெட்ல இருந்த தேனிக்கார அண்ணன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு வச்சிருந்தா அதையும் முதல் நாளே காட்டிருங்க, அப்புறம் சேக்கலாம்னு விட்டா லோல்பட வேண்டியிருக்கும்.

கேன்சர் இருக்கிற இடம் பளிச்சுன்னு எரியுற மாதிரி காட்டுற ஸ்கேன் ஒண்ணு, பெட் ஸ்கேன்னு பேரு. நாலு ஊசி முடிஞ்சு அதை எடுத்தப்ப எல்லாம் அணைஞ்சிருந்துச்சு. நான் ரிப்போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டு லிஃப்ட் வராண்டாவுல உக்காந்துட்டேன். ஆனாலும் 12ம் போட்டாங்க, பாதியில நிறுத்தக் கூடாது.

ஆறாவது ஊசிக்கு அப்புறம் வாய்ப்புண்ணு. மூணு நாள் தண்ணி கூட இறங்கல. என் பொண்டாட்டி கஞ்சி, ஜூஸ், இளநீர் எல்லாம் வச்சுப் பாத்தா, வாயை மூடிக்கிட்டான். அப்புறம் மெதுவா "அப்பத்தா ஊட்டட்டும்"னான். எங்கம்மா கதவோரம் நின்னுக்கிட்டு அசையல. என் பொண்டாட்டி தயிர் சோத்துக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போயி, "அத்தை, கைய நல்லா சோப்புப் போட்டுட்டு வாங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. கை கழுவ வெள்ளையணு குறைஞ்ச எல்லாருக்கும் சொல்லுவாங்க, அதனால அது குத்தல் இல்ல, அது எங்கம்மாவுக்கும் புரிஞ்சுச்சு. விரல்ல மசிச்சு மசிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு அந்தக் கிண்ணம் காலியாக.

இப்ப முடிஞ்சு ஒன்றரை வருஷம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போறோம், கழுத்து, அக்குள் எல்லாம் தொட்டுப் பாப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோ, அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைத் தொடும்ங்கறதால. ப்ளியோமைசின்னு ஒரு மருந்து போட்டிருக்கு, அது நுரையீரலைப் பாதிக்கக்கூடியது, பின்னாடி எந்த ஆபரேசனுக்கு மயக்க மருந்து குடுத்தாலும் அதை அவங்ககிட்ட சொல்லணும், ஆக்சிஜன் அளவு பாத்துத்தான் வைப்பாங்களாம். அதுக்காகவே எந்த மருந்து எவ்வளவு போட்டாங்கன்னு ஒரு பக்கத்துல எழுதி வாங்கி, பிரஸ்ல லேமினேசன் போட்டு வச்சிருக்கேன்.

போன தடவை பையனே டாக்டரம்மாகிட்ட கேட்டான், "மேடம், அந்த வைரஸ் இப்ப எனக்குள்ள இருக்கா?" "இருக்கும்டா, தூங்கிக்கிட்டு இருக்கும், எனக்கும்தான் இருக்கு"ன்னாங்க. ஊருக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டல, நேரா அடுப்படிக்கு ஓடி, "அப்பத்தா, ஒனக்கும் இருக்காம்"னான். எங்கம்மா கடலை மிட்டாயைப் பல்லால உடைச்சுக்கிட்டே, "இருந்துட்டுப் போவுது, இந்தா"ன்னாங்க.